தொட்டால் மாறும் எண்

63 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று. அதன் மேல் 26 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, 60 சுற்று, இடைவெளி விடாமல் கையாலேயே சுற்றியது. கம்பியின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். எடை போட்டு விற்கும் கடையில் 20 கிராம்கூடத் தேறாது. மீடியம் வேவ் கேட்கும் கிறிஸ்டல் செட்டுக்கு இப்படி ஒரு காயில் போதும். இதை மூன்று பேரிடம் கொடுத்து, இதன் ஒத்ததிர்வு அதிர்வெண் எவ்வளவு என்று கேட்டால், ஒருவர் 1 மெகாஹெர்ட்ஸ் என்பார், இன்னொருவர் 2.6 என்பார், மூன்றாமவர் 5.6 என்பார். மூவரின் கருவியிலும் பழுதில்லை. மூவரும் கவனமாகவே அளந்திருப்பார்கள். வித்தியாசமெல்லாம் அவர்கள் காயிலைத் தொட்ட விதத்தில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. காயிலில் மின்னோட்டம் ஓடும்போது ஆற்றல் காந்தப்புலமாக நிற்கிறது. கண்டன்சரில் மின்னழுத்தம் ஏறும்போது அதே ஆற்றல் மின்புலமாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஆற்றல் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகப் போய்வரத் தொடங்கும். ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கை வில்லியம் தாம்சன் 1853இலேயே எழுதிவிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அவர்தான். அந்தச் சமன்பாட்டை ரேடியோ மேசையில் வேலை செய்கிறவர்கள் ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்: 25,330. காயிலின் மின்தூண்டலை மைக்ரோஹென்றியிலும் கண்டன்சரின் தேக்குத்திறனைப் பிகோஃபேரடிலும் எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்க வேண்டும். வந்த விடையால் 25,330ஐ வகுத்து வர்க்கமூலம் கண்டால் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைத்துவிடும்.

நம் காயிலின் மின்தூண்டலைக் கருவி இல்லாமலேயே கணக்கிடலாம். அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் வீலர் 1928இல் தந்த சூத்திரம் இன்றைக்கும் எல்லோர் கையிலும் இருக்கிறது. அது அங்குலக் கணக்கு. ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தின் 9 மடங்கும் சுருளின் நீளத்தின் 10 மடங்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். கம்பியின் நடுக்கோட்டைக் கொண்டு பார்த்தால் ஆரம் 1.25 அங்குலம். எனாமலோடு சேர்த்துக் கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்பதால் 60 சுற்றுக்கு 30 மில்லிமீட்டர், அதாவது 1.18 அங்குலம். விடை 244 மைக்ரோஹென்றி. கட்டையாக இல்லாத, ஓரளவு நீளமான ஒற்றை அடுக்குக் காயில்களுக்கு இந்தச் சூத்திரம் நூற்றுக்கு ஒன்றுக்குள் சரியாக வரும்.

சூத்திரம் சரிதான்; கைதான் அவ்வளவு சரியாக இருக்காது. சுற்றும்போது பிடி கொஞ்சம் தளர்ந்து அதே 60 சுற்று 33 மில்லிமீட்டருக்குப் பரவிவிட்டால் மின்தூண்டல் 232 ஆகிவிடும். 5 சதவீதம் போய்விட்டது. கையால் சுற்றிய காயிலை அளந்தே ஆக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

244 மைக்ரோஹென்றிக்குப் பக்கத்தில் 200 பிகோஃபேரட் வைத்தால் ஒத்ததிர்வு 720 கிலோஹெர்ட்ஸில் விழும். சென்னை வானொலியின் மீடியம் வேவ் அலைவரிசை அது. கேங் கண்டன்சரைத் திருப்பி 118 பிகோஃபேரடுக்குக் கொண்டுவந்தால் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ். இது வரைக்கும் பாடப்புத்தகம். ஆனால் கண்டன்சரே இணைக்காமல் காயிலை மட்டும் தனியாக வைத்தாலும் அது ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும். இல்லாத கண்டன்சர் எங்கிருந்து வந்தது?

பல புத்தகங்கள் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும்: அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கிடையே எனாமல் இருக்கிறது, ஆகவே ஒவ்வோர் இடைவெளியும் ஒரு குட்டிக் கண்டன்சர். சொல்வது பொய்யில்லை, ஆனால் ஒற்றை அடுக்குக் காயிலில் இது முக்கியமான காரணமும் இல்லை. 60 சுற்றுக்கு 59 இடைவெளி. 59 குட்டிக் கண்டன்சர்களும் வரிசையாகக் கோத்தவை. வரிசையில் கோத்தால் தேக்குத்திறன் சுருங்கிக்கொண்டே போகும். காயிலின் உடல் முழுவதும் சுற்றியுள்ள வெளியோடும் தரையோடும் கொள்ளும் மின்புலத் தொடர்புதான் பெரிய பங்கு. மெட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஏராளமான காயில்களை அளந்து 1947இல் பிரிட்டனின் ‘ஒயர்லெஸ் எஞ்சினியர்’ இதழில் வெளியிட்ட முடிவும் இதையே காட்டியது. காயிலின் சொந்தத் தேக்குத்திறனை அதன் விட்டமும் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. சுற்று எத்தனை என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. ஒரு முனை தரையில் இருப்பதாகக் கொண்டு அவர் கணக்குப்படி பார்த்தால் நம் காயிலுக்கு 3.3 பிகோஃபேரட் வருகிறது. 25,330இன் விதியில் போட்டால் 5.6 மெகாஹெர்ட்ஸ். மூன்றாமவர் சொன்ன எண் இதுதான்.

சொந்தத் தேக்குத்திறனை வேண்டுமென்றே கூட்டிக்கொள்ள வழி தேடியவரும் உண்டு. நிக்கோலா டெஸ்லா 1894இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை எண் 512,340 அதைப் பற்றியது. இரண்டு கம்பிகளை இணையாகத் தட்டையாகச் சுற்றி, முதல் கம்பியின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு சேர்த்துவிடுவார். அப்போது அடுத்தடுத்துப் படுத்திருக்கும் இரண்டு கம்பிகளுக்கிடையே மொத்த மின்னழுத்தத்தில் பாதி நிற்கும். சாதாரணச் சுருளில் ஒரு சுற்றுக்கு உரிய சிறு பங்குதான் நிற்கும். தனியாகக் கண்டன்சர் வாங்காமலே ஒத்ததிர்வைக் கீழே கொண்டுவரும் தந்திரம் இது. காப்புரிமையில் இருப்பது இவ்வளவே. இதே சுருளைக் காட்டி இலவச மின்சாரம் என்று வீடியோ போடுகிறவர்கள் அந்தக் காப்புரிமையை ஒருமுறை படித்தால் நல்லது.

இப்போது மற்ற இருவரிடம் வருவோம். இருவரும் ஆசிலாஸ்கோப்பைக் கொண்டுவந்து அதன் புரோபை நேராகக் காயிலின் மேல்முனையில் கொக்கி மாட்டியிருக்கிறார்கள். பத்துக்கு ஒன்று என்ற நிலையில் வைத்த புரோபின் முனையில் 12 பிகோஃபேரட் அளவுக்குத் தேக்குத்திறன் உண்டு. காயிலுக்குச் சொந்தமானது 3.3தான். இரண்டும் சேர்ந்து 15.3; அதிர்வெண் 2.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. இன்னொருவர் அதே புரோபை ஒன்றுக்கு ஒன்று நிலையில் வைத்துவிட்டார். அந்த நிலையில் கேபிளின் தேக்குத்திறன் முழுவதும் சேர்ந்து 100 பிகோஃபேரடை ஒட்டி வரும். அதிர்வெண் சரியாக 1 மெகாஹெர்ட்ஸில் வந்து உட்காரும். பூவை எடை போட அம்மிக்கல்லையும் அதே தட்டில் வைத்த கதைதான். அவர்கள் அளந்தது காயிலும் புரோபும் சேர்ந்த ஒரு ஜோடியின் அதிர்வெண். அதை அவர்கள் சரியாகவே அளந்தார்கள்.

ஆகவே இந்த வேலையில் முதல் பாடம் தொடாமல் அளப்பது. இணைப்புக் கம்பியை ஒன்றிரண்டு சுற்று வளையமாக வளைத்து, உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும்படி செய்து, கருவியின் வாயில் பொருத்திக் காயிலுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் தொடர்பு கிடையாது. காந்தப்புலம் மட்டும் கைகொடுக்கும். அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், காயில் ஒத்ததிரும் இடத்தில் அது வளையத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சும். அந்த உறிஞ்சலைக் கருவி ஒரு பள்ளமாகக் காட்டும்.

வால்வு காலத்திலிருந்து இதற்கென்றே இருந்த கருவி டிப் மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆசிலேட்டர். அதன் காயில் பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு காயிலாக மாற்றி மாற்றிச் செருகலாம். வால்வின் கிரிட் மின்னோட்டத்தைக் காட்டும் முள் ஒத்ததிர்வு வந்த இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். பின்னால் டிரான்சிஸ்டரும் எஃப்இடியும் வந்தபோது வால்வு போனது, பெயர் மட்டும் நின்றது. முள் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் டயலில் அச்சிட்ட எண்களை நம்பக்கூடாது. முள் விழுந்த இடத்தில் பக்கத்து ரேடியோவிலோ ஃப்ரீக்வென்சி கவுண்டரிலோ அந்த அதிர்வெண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொள்வதே வழக்கம்.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது நானோவிஎன்ஏ. ஜப்பானிய அமெச்சூர் ஒருவரின் வடிவமைப்பில் தொடங்கி, சீனத் தயாரிப்பாக மலிந்து, 2019 வாக்கில் உலகெங்கும் ரேடியோ ஆர்வலர்களின் மேசைக்கு வந்துவிட்டது. பரவலாக விற்ற முதல் வகைகள் 50 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 900 மெகாஹெர்ட்ஸ் வரை பார்த்தன. வளையத்தை அதன் முதல் வாயில் பொருத்தினால், அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். வெறும் வளையம் வந்ததை எல்லாம் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கோடு மேலே தட்டையாக ஓடும். காயில் பக்கத்தில் வந்ததும் ஓர் இடத்தில் மட்டும் கூர்மையாகக் கீழே குத்தும்.

இங்கே புதியவர்கள் விழும் ஒரு குழி உண்டு. எங்கே இருக்கிறதென்று தெரியாததால் 1 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் பார்ப்பார்கள். பழைய நானோவிஎன்ஏ ஒரு வீச்சில் 101 புள்ளிகளில்தான் அளக்கும். 19 மெகாஹெர்ட்ஸை 101 புள்ளிக்குப் பங்கு போட்டால் புள்ளிக்குப் புள்ளி 190 கிலோஹெர்ட்ஸ். ஓரளவு நன்றாகச் சுற்றிய காயிலின் பள்ளமோ 50, 60 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பள்ளம் முழுவதுமாக ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. காயிலில் ஒத்ததிர்வே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். 4 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை என்று வீச்சைக் குறுக்கினால் புள்ளி இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ், பள்ளம் தலைகாட்டிவிடும். பிறகு அதைச் சுற்றி 400 கிலோஹெர்ட்ஸ் மட்டும் விரித்துப் பார்க்கலாம். கணக்கை முன்பே போட்டுவைத்தால் எங்கே தேடுவது என்று தெரியும் என்பதற்காகத்தான் வீலரையும் மெட்ஹர்ஸ்டையும் முதலில் கூப்பிட்டது.

பள்ளம் கிடைத்த பிறகு செய்யும் காரியம்தான் நல்ல அளவையும் மோசமான அளவையும் பிரிக்கிறது. வளையத்தைக் காயிலிலிருந்து மெல்ல மெல்ல விலக்குங்கள். பள்ளத்தின் ஆழம் குறையும், குறையட்டும். கூடவே அதன் இடமும் நகரும். விலக்க விலக்க நகர்வது சுருங்கி, ஒரு கட்டத்தில் பள்ளம் அசையாமல் நின்றுவிடும். ஆழம் மட்டும் குறைந்துகொண்டிருக்கும். அப்போது திரையில் இருக்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஆழமான பள்ளம் வேண்டும் என்று வளையத்தைக் காயிலுக்குள் நுழைத்து வைப்பவர்கள் வளையத்தின் பாதிப்பையும் சேர்த்தே அளக்கிறார்கள். காயிலின் ஒரு முனை தரையோடு இணைந்திருந்தால் வளையத்தை அந்த முனைப் பக்கமே பிடிப்பது நல்லது. அங்கே மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் குறைவு. காந்தப்புலம் நன்றாகக் கிடைக்கும், வளையத்தின் தேக்குத்திறன் உபத்திரவம் செய்யாது.

கையையும் மறந்துவிடக்கூடாது. மனித உடல் தரையோடு தொடர்புள்ள ஒரு பெரிய மின்கடத்தி. 3.3 பிகோஃபேரட் மட்டுமே உள்ள காயிலின் மேல்முனைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே திரையில் பள்ளம் இடப்பக்கம் சரிவதைப் பார்க்கலாம். காயிலை மரப்பலகை மேலோ வெற்று அட்டைப்பெட்டி மேலோ வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இரும்பு மேசை ஆகாது. உலோகத் தகடு பக்கத்தில் வந்தால் தேக்குத்திறன் கூடும் என்பது ஒரு பக்கம்; தகட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து மின்தூண்டலைக் குறைக்கும் என்பது மறுபக்கம். ஒன்று அதிர்வெண்ணை இறக்கும், மற்றது ஏற்றும். எது ஜெயிக்கும் என்பது தகடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. குழாய்க்குப் பதில் அட்டைச் சுருளில் சுற்றியிருந்தால் மழைக்காலத்து ஈரமும் கணக்கில் வரும். சுற்றி முடித்து வார்னிஷ் பூசினால் அதிர்வெண் சற்று இறங்கும். ஆகவே பூசிக் காய்ந்த பிறகு அளந்த எண்தான் எண்.

ஆசிலாஸ்கோப் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் வழியில்லாமல் போகவில்லை. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சதுர அலையை வளையத்துக்குக் கொடுத்தால், அலை தாவும் ஒவ்வொரு முறையும் காயில் ஒரு தட்டு வாங்கியது போல் அதிர்ந்து அடங்கும். புரோபை மாட்டாமல், அதன் முனையைச் சில சென்டிமீட்டர் தள்ளிக் காற்றில் நிறுத்தினாலே அந்த அதிர்வு திரையில் தெரியும். ஓர் அலைக்கு எத்தனை மைக்ரோசெகண்ட் என்று பார்த்தால் அதிர்வெண் கிடைத்தது. கூடவே இன்னொரு லாபம்: அலையின் உயரம் பாதியாகக் குறைவதற்குள் எத்தனை அலை போகிறது என்று எண்ணி 4.53ஆல் பெருக்கினால் காயிலின் க்யூ. 20 அலையில் பாதியானால் க்யூ 90. காயில் எவ்வளவு கூர்மையாகத் தேர்ந்தெடுக்கும் என்பதன் அளவு அது. மீடியம் வேவில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால் கிறிஸ்டல் செட் கட்டுகிறவர்களுக்கு இந்த எண் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். பிவிசி இந்த விஷயத்தில் அவ்வளவு நல்லதில்லை. உயர் அதிர்வெண்ணில் அது கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும். க்யூவில் வெறி உள்ளவர்கள் பாலிஸ்டைரீன், பாலிபுரொப்பிலீன் என்று தேடிப் போவது அதனால்தான்.

சரி, காயிலின் உண்மையான மின்தூண்டலையும் சொந்தத் தேக்குத்திறனையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியுமா? முடியும், இந்த விஷயம் முழுவதிலும் அழகான பகுதி அதுதான். மதிப்பு தெரிந்த சில கண்டன்சர்களை ஒவ்வொன்றாகக் காயிலுக்குக் குறுக்கே இணைத்து, ஒவ்வொரு முறையும் ஒத்ததிர்வை வளையத்தால் அளக்க வேண்டும். நம் காயிலுக்குக் கணக்குப்படி 47 பிகோஃபேரடுக்கு 1437 கிலோஹெர்ட்ஸ், 100க்கு 1002, 220க்கு 682 வர வேண்டும். இந்த எண்களிலிருந்து மின்தூண்டலைக் கண்டுபிடிக்க 25,330இன் விதியை நேராகப் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். 47 பிகோஃபேரட் கணக்கு 261 மைக்ரோஹென்றி என்று சொல்லும். 220இன் கணக்கு 248 என்று சொல்லும். ஒரே காயில், இரண்டு மதிப்பு. காயில் கூடவே கொண்டுவந்த 3.3ஐக் கணக்கில் சேர்க்காததன் விளைவு இது. கண்டன்சர் சின்னதாக ஆக ஆகப் பிழை பெரிதாகும்.

ஆகவே வேறு மாதிரி செய்ய வேண்டும். ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைக் கோட்டில் கண்டன்சரின் மதிப்பு. நெடுக்கைக் கோட்டில் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எழுதி, வர்க்கப்படுத்தி, ஒன்றை அதனால் வகுத்த எண். 47க்கு நேராக 0.485, 100க்கு நேராக 0.995, 220க்கு நேராக 2.151. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டை அடிக்கோலால் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் அது சுழியத்தில் படுக்கைக் கோட்டைத் தொடாது; சுழியத்தையும் தாண்டி, கழித்தல் 3.3இல் போய்த் தொடும். காயில் ஒளித்து வைத்திருந்த தேக்குத்திறன் அங்கே அகப்பட்டுவிட்டது. கோட்டின் சரிவு ஒரு பிகோஃபேரடுக்கு 0.00963, அதை 25,330ஆல் பெருக்கினால் 244. இரண்டும் ஒரே கோட்டிலிருந்து, ஒன்றையொன்று கெடுக்காமல் வந்துவிட்டன.

இது தாளில் போட்ட கணக்கு. மேசையில் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. பெரும்பாலும் குற்றம் கண்டன்சர்கள் மேல்தான் இருக்கும். 100 என்று அச்சிட்ட சாதாரண டிஸ்க் கண்டன்சர் 85ஆகவும் இருக்கலாம், 115ஆகவும் இருக்கலாம். சில்வர் மைக்கா, பாலிஸ்டைரீன் வகைகள் நம்பகமானவை. எதுவானாலும் எல்சிஆர் மீட்டரில் அளந்த மதிப்பைத்தான் வரைபடத்தில் குறிக்க வேண்டும், மேலே அச்சிட்டதை அல்ல. இணைப்புக் கம்பிகளை நீளமாக விட்டாலும் கழித்தல் பக்கத்து எண் 3.3இலிருந்து 5, 6 என்று ஊதிப்போகும். கம்பியின் முனையில் எனாமலை நன்றாகச் சுரண்டி ஈயம் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாகச் சுரண்டிய முனையில் புள்ளிகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழும்.

அதிகபட்சத் துல்லியம் தேடிப் பெரிய பயனில்லை என்பது என் எண்ணம். நம் காயிலில் ஒரே ஒரு சுற்றைக் கழற்றினால் 244 மைக்ரோஹென்றி 238 ஆகும். 200 பிகோஃபேரடோடு 720இல் நின்ற ஒத்ததிர்வு 729க்குப் போகும். சரியாக ஒரு நிலைய இடைவெளி! இவ்வளவு சுலபமாக ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ, கடைசிச் சில சுற்றுகளை நகத்தால் நகர்த்தியோ சரிசெய்துவிடக்கூடிய பொருளை நான்காவது தசமம் வரை அளந்து என்ன ஆகப்போகிறது?

இனி கொஞ்சம் சிக்கலான இடம். நேர்கோட்டை நீட்டிக் கிடைத்த 3.3ஐயும் 244ஐயும் வைத்துக் கணக்கிட்ட 5.6 மெகாஹெர்ட்ஸும், கண்டன்சர் எதுவும் இல்லாமல் வளையத்தால் நேராக அளந்த அதிர்வெண்ணும் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகா. பிழை அளப்பவருடையது இல்லை. வெளியே கண்டன்சர் இருக்கும்போது காயில் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மின்னோட்டம் ஓடுகிறது. காயில் ஒரு தனி உறுப்பு போல் நடந்துகொள்கிறது. கண்டன்சரை எடுத்துவிட்டால் மேல்முனைக்குப் பிறகு மின்னோட்டம் போக இடமில்லை. அங்கே அது சுழியம். தரையில் இணைந்த முனையில் உச்சம். இப்போது காயில், சுருட்டி வைத்த ஓர் ஆன்டெனா போல நடக்கத் தொடங்கிவிட்டது. கம்பியின் நீளம் 12 மீட்டர் என்றோமல்லவா? அது அலைநீளத்தில் கால்பங்கு என்று கொண்டால் அதிர்வெண் 6.25 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். மெட்ஹர்ஸ்டின் கணக்கு சொல்லும் 5.6 அதற்கு வெகு தூரத்தில் இல்லை. தேக்குத்திறன் என்ற பேச்சே எடுக்காமல், கம்பி நீளத்தை மட்டும் வைத்தே ஒத்ததிர்வு எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடலாம். இரண்டு எண்ணும் சரியாக ஒத்துப்போகாததற்குக் காரணம், சுற்றுகள் ஒன்றின் புலத்தில் ஒன்று சிக்கியிருப்பதால் அலை நேரான கம்பியில் போகும் வேகத்தில் போவதில்லை.

ஆன்டெனா என்று ஏற்றுக்கொண்டால் மற்றவையும் புரிந்துவிடும். தரை இணைப்பைக் கழற்றி இரண்டு முனையையும் சும்மா விட்டால் கால்பங்கு அலைக்குப் பதில் அரைப்பங்கு அலை நிற்கும். ஒத்ததிர்வு இரண்டு மடங்கை ஒட்டி மேலே தாவிவிடும். காயிலின் ஒத்ததிர்வு இவ்வளவு என்று யாராவது சொன்னால், முனை தரையிலா காற்றிலா என்று கேட்காமல் அந்த எண்ணால் பயனில்லை. நானோவிஎன்ஏயின் வீச்சை மேலே நகர்த்திக்கொண்டே போனால் இன்னொரு பள்ளம், அதற்கு மேல் வேறொன்று என்று வரிசையாக வரும். தரையில் இணைந்த காயிலில் அடுத்தது முக்கால்பங்கு அலை. நேரான கம்பியாக இருந்தால் அது முதல் அதிர்வெண்ணின் சரியாக 3 மடங்கில் வரும். காயிலில் 3க்குக் குறைவாகவே வரும், ஏனென்றால் அதிர்வெண் ஏற ஏறக் காயிலில் அலையின் வேகம் குறைகிறது. டெஸ்லா காயில் கட்டுகிறவர்கள் உயரமான இரண்டாம் சுருளை அளக்கும்போது இதை அடிக்கடி பார்க்கிறார்கள். 3 மடங்கில் தேடிவிட்டுக் காணவில்லை என்கிறவர்களும் உண்டு.

கிறிஸ்டல் செட்டுக்கு இந்த மேல் பள்ளங்களால் ஆபத்தில்லை. வால்வு வைத்த டிரான்ஸ்மிட்டரில் அப்படி இல்லை. பிளேட்டுக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் சோக் என்ற காயில், மின்சாரத்தை உள்ளே விட வேண்டும், ரேடியோ அலையை வெளியே விடக்கூடாது. முதல் ஒத்ததிர்வில் அது நல்ல தடுப்புச் சுவர். மேலே இருக்கும் ஒத்ததிர்வுகளில் சில நேர்மாறானவை: அந்த அதிர்வெண்ணில் சோக் திறந்த கதவாகிவிடும். டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் அதற்குள் பாய்ந்து கம்பி கருகும். அமெச்சூர்கள் 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் என்று பல பட்டைகளிலும் ஒரே சோக்கைப் பயன்படுத்துகிறவர்கள். அந்தத் திறந்த கதவு இவற்றில் எதிலும் விழக்கூடாது.

இதைச் சோதிக்கும் பழைய வழக்கம் எளிமையானது. சோக்கின் இரண்டு முனைகளையும் குட்டையான கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு டிப் மீட்டரையோ நானோவிஎன்ஏ வளையத்தையோ பக்கத்தில் பிடிக்க வேண்டும். முனைகள் திறந்திருந்தபோது தெரிந்த பள்ளங்கள் மறைந்து, ஆபத்தான ஒத்ததிர்வுகள் மட்டும் தெரியும். ஏதாவது ஒரு பட்டைக்குள் பள்ளம் இருந்தால் சில சுற்றுகளைக் கழற்றியோ, சுருளை நடுவில் பிரித்து இடைவெளி விட்டோ அதை வெளியே தள்ள வேண்டும். கடைசி அளவு சோக்கை அதன் அலுமினியப் பெட்டிக்குள் பொருத்திய பிறகு எடுக்க வேண்டும். சுவர்கள் பக்கத்தில் வந்ததும் மேசையில் பார்த்த பள்ளம் இடம் மாறியிருக்கும், சில சமயம் நேராகப் பட்டைக்குள்ளேயே.